பல்லில் பச்சை

சித்திரை மாதத்து ஒரு நடுப்பகலில், தார் ரோடு இளகிச் செருப்போடு ஒட்டிக்கொள்கிற வெயிலில், எங்கள் தறித்தெருவுக்கு மார்கழி மாதம் வந்தது. ரோட்டு வழியாக வரவில்லை, எதிர்வீட்டுக் கோகிலவாணியின் ரசச்சட்டி வழியாக வந்தது. வந்ததை நான் என் ஜன்னலில் நின்று பார்த்தேன். பார்ப்பதற்கென்றே நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எதிர்வீட்டைப் பார்க்கக் கூடாதென்றால் ஜன்னலை எதற்காக அந்தப் பக்கம் வைத்தார்கள்?

என் பெயர் சுலோச்சனா. எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற புத்தி எனக்கு இல்லை. சிரித்துக்கொண்டே வருகிறவர்களைக் கண்டால் முதலில் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல எங்கள் தெருவில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

மார்கழியில் எங்கள் பக்கம் மல்லித்தழை கேட்பாரற்றுக் கிடக்கும். தக்காளி வாங்கினாலும் ஒரு கட்டு, வாங்காமல் வேடிக்கை பார்த்தாலும் ஒரு கட்டு என்று சந்தையில் கையில் திணித்து அனுப்புவார்கள். அதே தழை சித்திரையில் கண்ணில் படாது, பட்டாலும் வாடி வதங்கி வைக்கோல் வாசம் அடிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், ஆனால் கோகிலவாணிக்கு மட்டும் இதில் மனசு ஆறவில்லை. போன மார்கழி முழுக்க அவள் தழையைச் சேர்த்தாள். வேரை அரிந்து, பழுத்த இலையைக் கிள்ளி, அகலமான சட்டியில் தண்ணீர் விட்டு, மண் அடியில் தங்கும்வரை அலசி, அலசிய தழையைப் பழைய வேட்டியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்தி, இளந்தண்டோடு சேர்த்துப் பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் அடைத்து, இலை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பாள். இலை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கறுத்துப்போகும் என்று எனக்கும் ஒருதரம் சொல்லிக் கொடுத்தாள். உறைந்த கட்டிகளை உதிர்த்துப் பைகளில் போட்டு, தறியில் மிஞ்சிய கழிவு நூலால் வாயைக் கட்டி அடுக்குவாள். புதினாவும் கறிவேப்பிலையும் அப்படியேதான்.

அந்த மார்கழியில் அவள் தழை ஆய உட்கார்ந்தால் அவள் புருசன் தெய்வசிகாமணியும் தறிக்கூடத்திலிருந்து வந்து கூட உட்கார்ந்துகொள்வான். மல்லிப்பூ கேட்டால் மல்லித்தழையைத் தலையில் செருகி அழகு பார்க்கிற ஆள் அவன். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தறிச் சத்தத்தையும் மீறி என் வீட்டுக்குக் கேட்கும். இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

பங்குனியில் நூல் வரத்து நின்று தறிகள் நின்றன, தறிகளோடு சிகாமணியின் வாயும் நின்றது. வந்தான், சாப்பிட்டான், சுவரைப் பார்த்துப் படுத்தான். அவளும் தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமலிருந்தால் சண்டையாவது போட்டார்களா என்று தெரிந்தால் நமக்கு நிம்மதி, ஆனால் இவர்கள் அதையும் போடவில்லை. ஒருநாள் குழாயடியில் கோகிலா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மாரியம்மன் நோம்பி முடிஞ்சதும் அம்மா ஊட்டுக்குப் போயர்றேனுங்க அக்கா. திரும்பி வரோணும்னு எனக்குத் தோணலை."

அதைச் சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த நடுப்பகல் வந்தது. தழை கிடைக்காத சித்திரையில் அவள் ஒரு மார்கழிக் கட்டியை எடுத்துக் கொதிக்கிற ரசத்தில் போட்டாள். அவள் வீட்டு ஜன்னல் கம்பியில் பனி கோத்தது, கூரை ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது, சிகாமணியின் அம்மா ராமாத்தாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குளிருதே என்று அடுப்போரம் ஒதுங்கினார். தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. ரசம் குடித்த சிகாமணி தட்டிலிருந்து நிமிர்ந்து, மார்கழியில் பார்ப்பது மாதிரியே பெண்டாட்டியைப் பார்த்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்டான். அவளும் அந்த ரசத்தைத்தான் குடித்திருந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். விளக்கு வைக்கிற நேரம்வரை அந்த வீட்டில் மார்கழி இருந்தது, விளக்கு வைத்ததும் பனி காய்ந்து சித்திரை திரும்பியது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள், மறுபடியும் அப்படியே. தழை எந்த நாளில் உறைந்ததோ அந்த நாள்தான் கட்டிக்குள் இருந்தது. தின்றவர்கள் அன்றைக்கு எந்த மனசோடு இருந்தார்களோ அந்த மனசோடு பொழுது இறங்கும்வரை இருந்தார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் எங்களுக்குப் பட்டது. வாசத்தைப் பிடித்து வைக்க முடியுமானால், வாசம் வந்த நாள் கூடவே மாட்டிக்கொள்ளாதா என்ன? நாங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இது தெரிந்தும் அவள் ஏன் எங்களிடம் சொல்லவில்லை?

எனக்குத் தெரிந்த விதம் இது. ஒருநாள் குழம்புக்குத் தழை இல்லையென்று அவளிடம் ஒரு கட்டி கைமாற்றாக வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் மார்கழியில் மலைக்கு மாலை போட்டிருந்தார். குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டவர் கையிலிருந்த பீடிக்கட்டைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, "சாமி, கொஞ்சம் மோர் ஊத்துங்க சாமி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாத மனிதர் அன்று பொழுது சாய்கிறவரை என்னைச் சாமி சாமி என்று கூப்பிட்டு, என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தார். எனக்குப் பயமாக இருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

எங்கள் தெருவில் பாதி ஆண்கள் மாலை போட்டவர்கள். ஆகவே செய்தி தெரிந்த மறுநாளே கோகிலாவின் வாசலில் பெண்கள் கிண்ணத்தோடு நின்றார்கள். அவளும் முகம் சுளிக்காமல் கொடுத்தாள். சித்திரை வெயிலில் தெருவில் அங்கொரு வீட்டில் பனி பெய்தது, இங்கொரு வீட்டில் சரணகோஷம் கேட்டது. குளிருகிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து புழுக்கத்தை ஆற்றிக்கொண்டார்கள். இப்படியே போயிருந்தால் நல்லதுதான், ஆனால் எங்கள் தெருவுக்கு நல்லதைத் தாங்கிப் பழக்கமில்லை.

முதலில் அண்ணன் தம்பிகளான வேலுச்சாமியும் கனகராஜும். பொங்கலன்று நடுச்சுவர் முருங்கைமரத்துக்காக அடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியவர்கள். ஒரு காதுகுத்து விருந்தில் இருவரும் தெரியாமல் மார்கழி ரசத்தைக் குடித்துவிட்டு, பொங்கலுக்கு முந்தைய மனசோடு தோளில் கை போட்டுக்கொண்டு வீடு வந்து, சுவரை இடித்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். விளக்கு வைத்ததும் இரண்டு பேருக்கும் ஆத்திரம் வந்தது. என்னை மார்கழிக்குள் தள்ளிச் சுவரைப் பிடுங்கப் பார்த்தான் என்று அவன் இவனைச் சொன்னான், இவன் அவனைச் சொன்னான். சுவரை இன்னும் இரண்டு வரிசை கல் வைத்து உயர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு தெருவில் யாராவது யாரிடமாவது அன்பாகப் பேசினால், மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்பது வழக்கமாயிற்று. கேட்டால் உண்மையா சொல்வார்கள்? ஆகவே பல்லைக் காட்டச் சொன்னோம். மல்லித்தழை எப்படிக் கொப்பளித்தாலும் பல்லிடுக்கில் ஒரு துணுக்காவது தங்கும். கொழுந்தியா பலகாரம் கொண்டு வந்தால் பல்லைக் காட்டு, மருமகன் காலில் விழுந்தால் எழுந்து பல்லைக் காட்டு, பெற்ற மகன் அம்மா என்று மடியில் சாய்ந்தாலும் முதலில் பல்லைக் காட்டு. பச்சை இல்லாவிட்டால் நம்பினோமா என்றால் அதுவும் இல்லை, குச்சியால் குத்தி எடுத்திருப்பான் என்றோம். நான்தான் இதில் முதல் ஆள், மறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் தானாகவே எனக்கு ஒரு இளநீர் வாங்கி வந்தார், அவர் வாயைத் திறக்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

கடைசி வீட்டு ஆறுச்சாமியின் பெண்டாட்டி தை மாதத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அவருக்கு யாரோ இரக்கப்பட்டு அந்த ரசத்தை ஒரு தூக்கில் கொடுத்துவிட்டார்கள். மார்கழியில் அவள் உயிரோடு இருந்தாள் அல்லவா, அதனால் ரசம் குடித்த ஆறுச்சாமி இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, அவள் குழாயடிக்குப் போயிருக்கிறாள் என்று காத்திருந்தார். வரவில்லையென்று குழாயடிக்குப் போனார், கடைக்குப் போனார், எங்கள் வீட்டுக்கும் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் அவரே கோகிலாவிடம் வந்து ஒரு கட்டி வாங்கிப் போனார், அடுத்த நாளும் வாங்கினார். பிறகு ஒரு காலையில் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார்.

"இனி எனக்குக் குடுக்காதே அம்மிணி. நான் கேட்டாலும் குடுக்காதே. தேடறது சொகமாத்தான் இருக்குது. ஆனா விளக்கு வெக்கறப்ப அவ மறுபடியும் மறுபடியும் சாகறா."

கோகிலா அன்றைக்கு அழுதாள், எனக்கும் அழுகை வந்தது. அன்றோடு அவள் யாருக்கும் கட்டி கொடுப்பதை நிறுத்தினாள், தன் வீட்டுச் சமையலிலும் போடவில்லை. தெருவில் உடனே பேச்சு மாறியது. கொடுத்தபோது எதற்குக் கொடுக்கிறாள் என்றவர்கள், நிறுத்தியதும் யாருக்காக ஒளித்து வைக்கிறாள் என்றார்கள். அவள் கொடுக்காவிட்டால் என்ன, எங்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லையா என்று வாடிய தழையைத் தேடிப் பிடித்து ஆளாளுக்கு உறைய வைத்தார்கள். நானும் வைத்தேன். தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகுதான் உறைந்தது என்ன நாள் என்று உறைத்தது. புழுக்கமும், முறைப்பும், பல்லைக் காட்டச் சொன்னதுமான சித்திரை நாள்.

ராமாத்தாளுக்கு வேறு சந்தேகம். மகன் சில மத்தியானங்களில் மட்டும் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தது அவர் கண்ணில் பட்டிருந்தது. ஃப்ரீசரில் பச்சைப் பச்சையாகக் கட்டிகள் இருந்ததும் கண்ணில் பட்டது. இந்த இரண்டையும் கூட்டினால் எங்கள் பக்கத்து மாமியார்களுக்கு ஒரே விடைதான் வரும். புருசனை மயக்கச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள்.

தழைதான் ஆத்தா, அதில் நாள் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"நானே அவளைக் கண்ணுன்னு கூப்பிட்டேன் சுலோச்சனா. மருந்து இல்லாம அது எப்புடி என்ற வாயில வரும்?"

வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிற அம்மாள் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தார். கோயிலுக்குப் போகிறோம் என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டு ராமாத்தாள் மகனை அழைத்துப் போனார், சாட்சிக்கு நானும் பஸ் ஏறினேன். அந்த அம்மாள் அவனைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, தொப்புளுக்கு மேலே சின்னக் குழலை வைத்து உறிஞ்சினார். வழக்கமாக மயிர்ச் சுருளோ கறுத்த உருண்டையோ வரும் என்பார்கள். அன்று அவர் கையில் துப்பியது ஒரு கொத்து மல்லித்தழை. அன்றைக்குப் பறித்த மாதிரி நிமிர்ந்து நின்றது, இலை நுனியில் தண்ணீர் முத்து உடையாமல் இருந்தது. அறை முழுக்க வாசம் வந்தது.

அந்த அம்மாள் அதை மோந்து பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது மருந்து இல்லீங்க, மல்லித்தழை. யாரோ மண்ணில்லாம நல்லாக் கழுவிப் போட்டிருக்காங்க" என்று சொல்லி ராமாத்தாள் கையில் கொடுத்தார். ராமாத்தாள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அவர் சந்தேகம் தீரவில்லை, தழையின் மேல் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

நாங்கள் திரும்பி வந்தபோது தெருவில் கரண்டு இல்லை. சிகாமணி களைத்துப்போய் வெறும் தரையில் படுத்துக் கண்ணை மூடினான். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், கோகிலா பழைய காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினாள். கை மாற்றி மாற்றி நெடுநேரம் விசிறினாள். வயிற்றிலிருந்து போனதை வேறு வழியில் ஏற்றுகிறாளோ என்று நான் நினைத்தேன். கரண்டு திரும்பி, பொழுது இறங்குகிற நேரத்தில் ராமாத்தாள் கைக்குட்டையை மகனிடம் கொடுத்து, முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார். அவன் கையை மூடிக்கொண்டு போனான், மூடின கையோடேயே திரும்பி வந்தான். இதையும் நான் பார்த்தேன்.

கோயிலுக்குப் போகவில்லை, மருந்து எடுக்கத்தான் போனோம் என்று கோகிலாவிடம் நான்தான் சொன்னேன். ஒரு சங்கதியை வயிற்றில் வைத்திருக்க என்னால் ஆகாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நோம்பி முடிந்து கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கிய மறுநாள் காலை பையைக் கட்டி வாசற்கதவோரம் வைத்துவிட்டாள்.

ஊருக்குப் போகிற பெண் ஃப்ரிட்ஜை அணைத்துத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போவாள். அவள் அதையும் செய்தாள். என்னதான் எடுத்துப் போகிறாள் பார்க்கலாமென்று நானும் போய் நின்றேன். மார்கழிப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் பின்னால், பனி மூடிய மூலையில், ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அது அவள் வைத்ததில்லை. வாயில் ஒரு துணி, துணியைச் சுற்றிச் சிவப்பு நூல், நூலில் தறி ஓட்டுகிறவன் அறுந்த இழையைச் சேர்க்கும்போது ஒற்றைக் கையில் போடுகிற முடிச்சு. பிரித்தாள். பனிக்கட்டிக்குள் ஒரு முழுக் கொத்து மல்லித்தழை, நறுக்காமல், நிமிர்ந்தபடி நின்றது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் நான் பார்த்த அதே கொத்து. இவன் யாருக்காக எந்த நாளை ஒளித்து வைத்திருக்கிறான் என்று என் புத்தி வழக்கம்போல ஓடியது. அவள் புத்தியும் அங்கேதான் ஓடியிருக்க வேண்டும், முகம் வெளுத்துப்போயிற்று. சிகாமணி சமையலறை வாசலில் வந்து நின்றான். நான் இருப்பதை இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

"இது என்ன நாளுங்க?" என்று அவள் கேட்டாள்.

பங்குனியிலிருந்து பூட்டிக் கிடந்த அவன் வாய் மெதுவாகத்தான் திறந்தது.

"கரண்டு போன அன்னிக்கு. நான் தூங்கறேன்னு நெனச்சுட்டு நீ விசிறிட்டே இருந்தியே, அந்த நாள்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ ரசம் வெச்சப்பெல்லாம் நீயும்தான் குடிச்சே கோகிலா. குடிச்சா என்னைப் பாத்துச் சிரிச்சே, பொழுது எறங்குனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. என்னைச் சகிச்சுக்கறதுக்குத்தான் அதைப் போட்டுக் குடிக்கறியோன்னு நெனச்சேன். அப்புறம் அன்னிக்கு விசிறிட்டு இருக்கையில ஒரு கொட்டாவி விட்டே. நான் அரைக்கண்ணுல பாத்தேன்." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உன்ற பல்லுல பச்சை இல்லை."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சந்தேகப்பட்டது அவனை, அவன் சந்தேகப்பட்டது அவளை, ஒரே சட்டி ரசத்தை இரண்டு பேரும் குடித்துவிட்டு. மாறிப்போனது அவன் மட்டும்தான் என்று அவளைப் போலவே நானும் நினைத்திருந்தேன், இத்தனைக்கும் அவள் தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதை என் கண்ணாலேயே பார்த்தவள் நான்.

அழுது முடித்த பிறகு அவள் டம்ளரை மறுபடி துணியால் மூடினாள். அவன் குனிந்து அதே முடிச்சைப் போட்டான். டம்ளர் பழைய மூலைக்குப் போயிற்று, ஃப்ரிட்ஜ் மறுபடி ஓடியது. மார்கழிப் பைகளை மட்டும் அவள் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொட்டினாள். வெயிலில் அவை கரைகிற வரைக்கும் தெரு முழுக்கப் பனி நின்றது, தன் வாசலிலிருந்து ஆறுச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார், வேலுச்சாமியும் கனகராஜும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் தும்மினார்கள். பிறகு பனி போய்விட்டது. நாங்கள் உறைய வைத்த சித்திரைக் கட்டிகள் மட்டும் இன்னும் அவரவர் ஃப்ரீசரில் கிடக்கின்றன. சமையலில் போட எங்களுக்குத் தைரியமில்லை, கொட்டவும் மனசு வரவில்லை.

அன்று மத்தியானம் கோகிலா தழை போடாமல் ரசம் வைத்தாள். புளியும் மிளகும் மட்டும் போட்ட ரசம். நான் ஜன்னலில் நின்றுதான் பார்த்தேன். வாசற்கதவோரம் அந்தப் பை கட்டியபடியே இருந்தது, ராமாத்தாள் அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிகாமணி ஒரு வாய் குடித்துவிட்டு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். கோகிலா வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பச்சை இல்லை.